குளியல் தொப்பி போட்ட அலாரம்

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத தொழில் இந்த உலகத்தில் இல்லை. தெரிந்த தொழில் ஒன்றாவது உண்டா என்பதுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். பதினெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்து இல்ஃபோர்டில் வீடு வாங்கியவர். இல்ஃபோர்டில் வீடு வாங்கியவர் இல்ஃபோர்டில் இருக்க வேண்டியதுதானே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளேஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் ஒரு கருவிப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் வீட்டில் ஒழுங்காக இருந்த ஏதோவொன்று பழுதாகப்போகிறது என்று அர்த்தம்.

ஜெர்மனியில் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் 'ஹீற்றிங் சிஸ்டம்' என்பார். ஒரு நாள் அவர் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒரு மருத்துவமனையின் நிலவறையில் துணி துவைக்கும் பகுதியில்தான் வேலையாம். பக்கத்து அறையில் பெரிய பொயிலர் ஒன்று நின்றதாம். பக்கத்தில் நின்றதே படிப்பு என்றால், கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள் எல்லோரும் இந்நேரம் ஆயர் ஆகியிருப்பார்கள்.

என் கணவர் அண்ணன் சொல்லைத் தட்டாதவர். அதை ஒரு நற்குணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் முதுகெலும்பில் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போனது கிடையாது.

அந்தக் கோடையில் பெரியத்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டார். எங்கள் ஆட்களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே அழகான குசினி ஒன்று இருக்கும். பளிங்கு மாதிரி மேசை, வெள்ளை அலுமாரி, வந்தவர்கள் பார்த்து மெச்சுவதற்கு. அதில் தேத்தண்ணிதான் போடுவோம். மீன் பொரிப்பது, மிளகாய் வறுப்பது, கறி காய்ச்சுவது எல்லாம் பின்னால் ஒரு கொட்டிலில். கோட்டுகளில் மணம் பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. லண்டனில் முப்பது வருடம் இருந்தும் நாங்கள் சாப்பிடுவதை நாங்களே ஒளித்துச் சமைக்கிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பெரியத்தான் வீட்டின் பின்சுவர் முழுவதையும் சேர்த்து, பிளாஸ்டிக் கூரை போட்டு, மூன்று பக்கமும் திறந்தபடி கொட்டிலைக் கட்டினார். ஒரு பழைய மின்சார அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். அது மட்டும் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. செப்டம்பரில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கருவாட்டு மணம் தாங்க முடியவில்லை என்று கவுன்சிலுக்கு அறிவிக்கப்போவதாகச் சொன்னாள். பெரியத்தானுக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு வார இறுதியில் மூன்று பக்கமும் பலகையும் பிளாஸ்டிக் தகடும் அடித்து, கண்ணாடிக் கதவு ஒன்று போட்டு, இடுக்குகளுக்கெல்லாம் நுரைப் பசை பீய்ச்சி அடைத்தார். எறும்பு நுழைய வழியில்லை. மணமும் போகாது, குளிரும் வராது என்று கதவைத் தட்டிக் காட்டினார். என் கணவர் தலையாட்டினார்.

அவர் அடைத்த அந்தச் சுவரில்தான் வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் பொயிலரின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொயிலர் உள்ளே, அழகுக் குசினியின் அலுமாரிக்குள். குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வந்திருந்தது. தோட்டத்துப் பக்கம் என்பது இப்போது கொட்டிலின் உட்புறம். அடுப்புக்கு மேலே, தலைக்கு ஒரு முழம் உயரத்தில் அது வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"உது அரிசிச் சாக்கை நனைக்குது" என்றேன்.

"அது சும்மா ஆவி பிள்ளை. இடியப்பச் சட்டியிலை வாற மாதிரி. இந்தக் காலத்துப் பொயிலருக்குப் புகையே இல்லை" என்றார். பிறகு குழாய்க்குக் கீழே ஒரு பலகை அடித்து, சாக்கு நனையாமல் பார்த்துக்கொண்டார். பிரச்சினை தீர்ந்தது.

அந்தக் கோடையிலேயே எங்கள் வீட்டுக்கு இன்னொருத்தி வந்திருந்தாள். கணவரின் தம்பிக்கு மன்னாரில் பெண் எடுத்திருந்தோம். தம்பிக்குச் சொந்த வீடு கிடைக்கும் வரை அவர்கள் இருவரும் எங்கள் முன்னறையில். தம்பி ஒரு பொருள்கிடங்கில் ஷிப்ட் வேலை, வீட்டில் இருந்தால் நித்திரை. அவளுக்கு இருபத்தாறு வயது. என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மெல்லிய குரல், எதற்கும் ஓம் என்றுதான் சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதற்குக் காரணம் தேட வேண்டாம். ஒரு வீட்டில் இருபது வருடம் தனியாக நின்று சமைத்தவளுக்கு, புதிதாக வருகிறவள் கெட்டிக்காரியாக இருந்தாலும் குற்றம், மக்காக இருந்தாலும் குற்றம். செப்டம்பர் கடைசியில் அவள் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தது.

எனக்கு அந்தக் கொட்டில் ஒத்துவரவில்லை. அடைத்த பிறகு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அரை மணித்தியாலம் நின்றால் நெற்றி இடிக்கத் தொடங்கும், வெளியே வந்து தோட்டத்தில் நின்றால் குறையும். மிளகாய் நெடி என்று நினைத்தேன். எனக்கும் வயது போகிறது என்று நினைத்தேன். அந்த வீட்டில் மூத்தவளுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதுதானே. "இனி பின்னாலை நீ பார்" என்று அவளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு நான் முன் குசினிக்கு வந்துவிட்டேன். அவள் ஓம் அக்கா என்றாள்.

அக்டோபர் நடுவில் குளிர் தொடங்கியது. ரேடியேட்டர்கள் காலை முதல் ஓடின. பொயிலர் இடையிடையே நின்றுபோகத் தொடங்கியது.

அதன் முகத்தில் ஒரு சின்னத் திரை. வழக்கமாகத் தண்ணீரின் சூட்டை எண்ணில் காட்டும். இப்போது ஒரு எழுத்தும் இரண்டு எண்களுமாக எதையோ காட்டி, மினுக்கி மினுக்கி நின்றது. வீடு குளிர்ந்தது. பெரியத்தான் பெட்டியோடு வந்தார். திரையை ஒரு மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ரீசெட் பொத்தானை அழுத்திப் பத்து வரை எண்ணினார். ஜெர்மன் மொழியில் எண்ணினார். அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை, பொயிலருக்கும் விளங்கியிருக்காது. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தது. பற்றிக்கொண்டது.

"பாத்தியளே" என்றார்.

மூன்று நாளில் அதே எழுத்து, அதே எண்கள். அடுத்த முறை ஒரு நாளில். பிறகு பெரியத்தான் எங்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் ஒரு காணொளி அனுப்பினார்: பொத்தானை எப்படி அழுத்துவது, எத்தனை வரை எண்ணுவது. ஒரு தடவை பொயிலரின் மூடியையே கழற்றி, சுடர் எரிகிறதா என்று பார்க்கும் கம்பியை உப்புத்தாளால் தேய்த்தார். அந்த மூடியை உரிமம் உள்ளவர்கள்தான் தொடலாம் என்று மூடியிலேயே எழுதியிருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. தேய்த்த பிறகும் நின்றபோது, "இங்கத்தைக் காஸ் பலமில்லை. ஜெர்மனியிலை காஸ் எண்டால் காஸ்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் மேசை இலாச்சியில் கிடந்த பொயிலர் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை. எங்கள் எழுத்துக்கும் எண்ணுக்கும் நேரே இருந்தது இதுதான்: சுடர் மூட்டிய பின் அணைந்துவிட்டது. காஸ் வருகிறதா என்று பார்க்கவும். காற்று வரும் வழியும் புகை போகும் வழியும் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். திரும்பத் திரும்ப ரீசெட் செய்ய வேண்டாம்.

இதைப் பெரியத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "புத்தகத்தைப் பாத்துப் பொயிலர் திருத்தேலாது பிள்ளை. அப்பிடியெண்டால் எல்லாப் பொம்பிளையளும் இஞ்சினியர்." என் கணவரும் சிரித்தார்.

அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடியே எழுதுகிறேன். புத்தகத்தை மூடி இலாச்சியில் வைத்தேன். ஒரு போன் அடித்து உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நிற்கட்டும், உறையட்டும், இந்த மேதாவியின் முகத்தில் கரி பூசப்படட்டும் என்று இருந்துவிட்டேன். அவரைத் திருத்துவதைவிட அவரை இகழ்வது எனக்கு ருசியாக இருந்தது. தெருவில் எந்தத் தமிழ்ப் பெண்ணைக் கண்டாலும் ஜெர்மன் எண்ணிக்கைக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். கோயில் வாசலிலும் சொன்னேன், பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது.

அலாரம் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் பெரியத்தானுக்குப் பங்கில்லை. எங்கள் வீட்டில் இரண்டு அலாரங்கள். மாடிப்படியில் ஒன்று, புகைக்கு. முன் குசினிச் சுவரில் ஒன்று, அது எதற்கென்று நான் கேட்டதில்லை. வீட்டோடு வந்தது. மிளகாய் வறுத்தால் படிக்கட்டு அலாரம் ஊரைக் கூட்டும். அதனால் ஹோட்டல்களில் கொடுக்கும் குளியல் தொப்பிகளைச் சேர்த்து வைத்திருந்து, வறுக்கும் நாட்களில் அதற்கு ஒன்றை மாட்டிவிடுவேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். நவம்பரில், குசினியிலிருந்து கொட்டிலுக்குப் போகும் கதவை யாரோ திறந்தே விட்டிருந்த ஒரு நாள், குசினி அலாரம் அலறியது. நாலு தடவை பீப், கொஞ்சம் நிறுத்தி மறுபடி நாலு. அன்று யாரும் மிளகாய் வறுக்கவில்லை. ஆனாலும் அதற்கும் ஒரு தொப்பி மாட்டினேன். தொப்பிக்குள்ளிருந்தும் அலறியது. கழற்றிக் குளிக்கும் துவாயில் சுற்றி, மேலே படுக்கை விரிப்புகள் வைக்கும் அலுமாரிக்குள் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.

தம்பியின் மனைவிக்குத் தலைவலி வரத் தொடங்கியது அந்த மாதம்தான். அல்லது அப்போதுதான் சொல்லத் தொடங்கினாள்.

"அக்கா, தலை இடிக்குது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு."

"பிள்ளைத்தாச்சிக்கு அப்பிடித்தான். தேத்தண்ணி குடிச்சிட்டு இரு."

தேத்தண்ணி குடிப்பாள். முன்னறையில் அரை மணித்தியாலம் படுப்பாள். முகம் தெளியும். எழுந்து பின்னால் போவாள். பின்னேரம் மறுபடி அதே பாட்டு. மருத்துவ நிலையத்தில் ஒரு தாதி தொலைபேசியிலேயே கேட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு தலைவலிக் குளிசையின் பெயரும் சொன்னாள். என் கணவர், "ஊரிலை வேலை செய்து பழக்கமில்லைப் போலை" என்றார். பெரியத்தான், "இந்த நாட்டுக் குளிர் பிடிக்கேல்லை" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதுதான் முக்கியம். நான், "நடிப்பு" என்றேன்.

அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போனால் அவளுக்குத் தலைவலி வராது. கன்னம் சிவந்து, மற்றப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பாள். திங்கட்கிழமை பின்னால் போய்ச் சமைத்தால் வந்துவிடும். வேலை என்றால் நோய், கோயில் என்றால் சுகம். இதை நான் அவள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவள் போய் வெங்காயம் உரித்தாள். எனக்கு அன்று முழுக்க ஒரு திருப்தி இருந்தது.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பலகாரச் சூடு தொடங்கியது. பங்குக் கோயிலின் நத்தார் ஒன்றுகூடலுக்கு எங்கள் வீட்டிலிருந்து அச்சுப் பலகாரமும் முறுக்கும் போவது வழக்கம். என் கைப் பலகாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடம் கை அவளுடையது, பெயர் என்னுடையது. வெளியே உறைபனி. ரேடியேட்டர் ஒன்றுகூட நிற்கவில்லை. கொட்டில் கதவு சாத்தியிருந்தது. அவள் காலை பத்து மணியிலிருந்து அங்கே ஒரு முக்காலியில் இருந்து அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி போல ஏதோ விழும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். அவள் நிலத்தில் கிடந்தாள். நல்லவேளை, எண்ணெய்ச் சட்டியின் பக்கம் விழவில்லை. அச்சு கையிலேயே இருந்தது. தம்பியை எழுப்பினேன், இருவருமாகத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். முகம் வெளுக்கவில்லை, சிவந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதே நேரம் முன் குசினியில் பொயிலர் டிக் டிக் என்று முயன்று, நின்று, மினுக்கத் தொடங்கியது. அப்போதுதான் வந்திருந்த பெரியத்தான் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அதனிடம் போனார். முன்னறையில் ஒருத்தி மயங்கிக் கிடக்க, குசினியில் இவர் பொத்தானை அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவள் கண் விழித்தாள். "ஒண்டுமில்லை அக்கா" என்றாள். பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் போதாது என்று முடிவாயிற்று. ஈரல் வாங்கிச் சமைக்க வேண்டும் என்று பேசினார்கள். அன்று பின்னேரம் அவளைப் படுக்க விட்டோம், அது நாங்கள் செய்த பெரிய தர்மம். மிச்சமிருந்த மாவை யாரும் சுடவில்லை.

பொயிலர் அதன்பிறகு பற்றவில்லை. எத்தனை எண்ணியும் பற்றவில்லை. மறுநாள் காலை நான் தலை முழுக வேண்டும், சுடுதண்ணீர் இல்லை. அவளுக்காகவோ பிள்ளைக்காகவோ அல்ல, தலை முழுகுவதற்காகத்தான் நான் உரிமம் உள்ள ஆளுக்குப் போன் அடித்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

மத்தியானம் வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, முழங்காலில் பட்டை கட்டிய காற்சட்டை. பெரியத்தானும் வந்து நின்றார். "பொம்பிளைப் பிள்ளையோ அனுப்பியிருக்கினம்" என்று என் கணவரிடம் சொன்னார், அவளுக்குக் கேட்கும்படி. அவள் உரிம அட்டையைக் காட்டினாள். திரையை ஒரு கணம்தான் பார்த்தாள்.

"இதின்ரை ஃப்ளூ, புகைக்குழாய், எங்கை வெளியாலை போகுது, அங்கிள்?"

"ஃப்ளூவிலை பிழையில்லை. சென்சர்தான் பிழை. நான் தேய்ச்சனான்."

அவள் அவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்பக்கம் நடந்தாள். கொட்டில் வாசலில் நின்று மேலே குழாயைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், நுரைப் பசை அடைத்த இடுக்குகளைப் பார்த்தாள். தோட்டக் கதவை அகலத் திறந்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் கொட்டிலை விட்டு வெளியே வரச் சொன்னாள். கையிலிருந்த, நச்சுவாயு அளக்கும் சிறு கருவி கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. பொயிலர் அப்போது பற்றவே இல்லை. நேற்று அடைபட்டிருந்ததன் மிச்சத்துக்கே அது கத்தியது.

"இங்கை காஸே இல்லையே. கரண்ட் அடுப்புத்தானே" என்றார் பெரியத்தான். முழு நம்பிக்கையோடு சொன்னார்.

"அடுப்பில்லை அங்கிள். இந்தக் குழாய் ரெண்டு வேலை செய்யுது. நடுவாலை புகை வெளியிலை போகும், சுத்தி இருக்கிற வழியாலை காத்து உள்ளை வரும். நீங்கள் வெளியை மூடிப்போட்டீங்கள். அது தான் விட்ட மூச்சைத் திருப்பி இழுக்குது. ஒக்சிஜன் காணாட்டி நெருப்பு வடிவா எரியாது. அப்ப வாறதுதான் காபன் மொனொக்சைட். மணம் இல்லை, நிறம் இல்லை. நெருப்பு தடுமாறினவுடனை பொயிலர் தானாவே காஸை நிப்பாட்டிப்போட்டு உங்களுக்குக் கோட் காட்டியிருக்கு." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "எத்தினை தரம் ரீசெட் பண்ணினீங்கள்?"

பெரியத்தான் குழாய்க்குக் கீழே தான் அடித்த பலகையைப் பார்த்தார். ஜெர்மனியைப் பற்றி அவர் வாய் திறக்காத ஒரே நாள் அதுதான். நான் ஏழு வாரமாகக் காத்திருந்த காட்சி. ருசிக்கவில்லை.

அவள் காஸை அடைத்தாள். பொயிலரில் ஒரு சிவப்பு எச்சரிக்கைத் தாள் கட்டினாள். கொட்டிலை உடைக்கும் வரை யாரும் மூட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டாள். நத்தார் நேரத்தில் வீட்டைக் குளிர விடுவதா என்று என் கணவர் தொடங்கினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "காபன் மொனொக்சைட்டுக்குக் கத்துற சீஓ அலாரம் ஒண்டும் இல்லையே வீட்டிலை?" என்றாள்.

நான் மேலே போய், படுக்கை விரிப்புகளுக்கு நடுவிலிருந்து துவாயைக் கொண்டுவந்து விரித்தேன். அலாரம் இன்னும் தொப்பி போட்டிருந்தது, பூப்போட்ட தொப்பி. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

"இந்தக் கொட்டிலிலை ஆர் கூட நேரம் நிக்கிறது? ஆருக்கும் தலையிடி, மயக்கம்?"

எல்லோரும் முன்னறைப் பக்கம் திரும்பினோம். அங்கே தம்பியின் மனைவி கட்டிலில் போர்வைக்குள் கிடந்தாள், ஐந்தாம் மாதம். அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்தாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. கொட்டிலிலை காபன் மொனொக்சைட் இருந்தது எண்டு முதல் சொல்லுங்கோ. பிரெக்னன்ட் எண்டும் சொல்லுங்கோ. வெயிட் பண்ண வேண்டாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், முகத்தில் ஒக்சிஜன் மூடி போட்டார்கள், வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத்தைக் கேட்டார்கள். அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியில் வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் செபிக்கக்கூட இல்லை. திங்கட்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். துடிப்பு வந்தது. தம்பி சுவரில் சாய்ந்து அழுதான். மருத்துவர் கேட்டார், அந்த இடத்தில் வேறு யாரெல்லாம் நேரம் செலவிட்டார்கள் என்று. "இவ மட்டும்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பிறந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும் என்றார்கள். அடுத்த ஐந்து மாதம் அந்த ஒரு வசனத்தோடு எல்லோரும் வாழ்ந்தோம். ஜனவரியில் தம்பி பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போனான். கொட்டிலைப் பெரியத்தானே உடைத்தார். சுவர் முழுக்க நுரைப் பசை பெயர்ந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அவர் இப்போது வருவது குறைவு. வந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார், பெட்டி கொண்டுவருவதில்லை. என் கணவர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. என்னைப் பற்றியும் பேசவில்லை. அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மே மாதம் பெண் பிள்ளை பிறந்தது. சுகம். கேட்கிறது, பார்க்கிறது, அழுகிறது. எல்லாச் சோதனையும் சரி என்றார்கள். நான் பலகாரம் சுட்டுக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனேன். என் கையால் சுட்டது, முன் குசினியில், ஜன்னல்களைத் திறந்து வைத்து. கோட்டில் மணம் பிடித்தது.

அவர்கள் வீட்டுக் குசினி சின்னது. சுவரில், கண் மட்டத்தில், ஒரு அலாரம். அதன் பச்சை விளக்கு அடிக்கடி மினுங்கியது. அவள் என்னை இருத்தி, பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கிடத்தினாள். தேத்தண்ணி போட்டாள். பலகாரத்தை உடைத்துச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு அக்கா என்றாள். அவள் குரல் முன்பு போலவே மெல்லியதாக இருந்தது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன், அதற்குப் பதில்களும் கொண்டுபோயிருந்தேன். எல்லாப் பதில்களும் பெரியத்தானைப் பற்றியவை.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். "நீங்களும் அந்த வீட்டிலைதானே இருந்தனீங்கள். உங்களுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?"

அறியத்தான் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை.

"நான் பின்னாலை நிக்கிறேல்லைத்தானே."

"ஏனக்கா? முதல் நீங்கள்தானே அங்கை சமைச்சனீங்கள்."

பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். முழங்கால் என்று சொல்லியிருக்கலாம், வயது என்று சொல்லியிருக்கலாம். அவள் ஓம் என்று ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"அங்கை நிண்டால் எனக்குத் தலை இடிக்கும்" என்றேன்.

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். எழுந்து வந்து என் விரலிலிருந்து பிள்ளையின் கையை மெதுவாக விடுவித்தாள்.

"பால் குடுக்கிற நேரம்" என்று சொல்லிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வந்தபோதுதான் அவள் பால் கொடுத்து முடித்திருந்தாள்.